துரு ஒரு பொட்டுகூட இல்லை

ஜூன் 3

அத்தானுக்கு,

பார்சல் கிடைத்தது. போன வருஷக் கடைசியிலிருந்து நம் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. இப்போது ஒரு "நலமா"கூட இல்லாமல், ஒடிந்த இரும்புத் துண்டு இரண்டைப் பழைய பனியனில் சுற்றி அனுப்பியிருக்கிறீர்கள். கூடவே ஒரு சீட்டு: "இது ஏன் ஒடிந்தது? படித்தவன்தானே, சொல்." சரி. நானும் நலம் விசாரிக்கவில்லை.

நட்டை அதிகமாக முறுக்கியிருக்கிறீர்கள். அவ்வளவுதான்.

உங்கள் படகு இன்ஜினில், சிலிண்டரின் மேல் மூடி மாதிரி உட்கார்ந்திருக்கும் ஹெட்டை, இரண்டு முனையிலும் மரை வெட்டிய ஆறு ஸ்டட் கம்பிகள் கீழே இழுத்துப் பிடித்திருக்கின்றன. நட்டை முறுக்கும்போது ஸ்டட் இம்மியளவு நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்பில்தான் ஹெட் அசையாமல் இருக்கிறது. இன்ஜின் ஓடினாலும் நின்றாலும் அந்த இழுப்பு இருந்துகொண்டே இருக்கும். அளவுக்கு மீறி இழுத்தால் அறுந்துபோகும். உங்கள் கைப்பிடி எனக்குத் தெரியும். வீட்டுக் குழாயை நீங்கள் மூடினால் அக்காவால் திறக்க முடிவதில்லை.

துண்டுகளை இன்னும் மைக்ரோஸ்கோப்பில் வைக்கவில்லை. இங்கே பரிசோதனைக்கூடத்தில் சொந்த வேலைக்கு மெஷினைத் தொட்டால் மேலதிகாரி முறைப்பார். பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை என்று நினைக்கிறேன்.

போன தடவை நடந்ததை நான் மறக்கவில்லை. செருப்போடு இன்ஜின் ரூமுக்குள் வந்து, டீ கிளாஸை ஹெட்மேல் வைத்தேன். அதற்குப் படகு நிறையப் பயணிகள் இருக்க, "வெளியே போடா" என்றீர்கள். கோபித்துக்கொண்டு கிளம்பினேன். தீவிலிருந்து கரைக்குப் போவதற்கு இருப்பது உங்கள் படகு ஒன்றுதான். ஒன்றரை மணி நேரம் உங்கள் இன்ஜின் சத்தத்தையே கேட்டபடி கோபமாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று யாரிடம் சொல்வது?

உங்கள் மச்சினன்


ஜூன் 8

மாப்பிள்ளைக்கு,

பார்க்காமலே நோயைச் சொல்லுகிற டாக்டர் நம் குடும்பத்தில் இருப்பது எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டது. கைராசிக்காரன்தான் நீ.

நான் கையால் முறுக்குவதில்லை. டார்க் ஸ்பேனர் வைத்திருக்கிறேன். புத்தகத்தில் போட்டிருக்கிற அளவு வந்ததும் அது 'டிக்' என்று சொல்லும். அதற்கு மேல் ஒரு நூல்கூட நான் தள்ளுவதில்லை. வீட்டுக் குழாய் வேறு, இன்ஜின் வேறு. குழாயை உன் அக்கா ஒழுகவிடுகிறாள், அதனால் முறுக்குகிறேன்.

இன்னொன்றும் கேள். அந்த ஸ்டட் ஓடும்போது ஒடியவில்லை. கரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, எல்லோரும் மூட்டை முடிச்சோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். நல்ல மத்தியானம். நான் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே 'டங்' என்று ஒரு சத்தம். யாரோ கம்பியைக் கீழே போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் மூன்றாவது சிலிண்டர் ஹெட்டில் ஒரு ஸ்டட்டின் தலை நட்டோடு சேர்ந்து ஓரமாகக் கிடக்கிறது. சும்மா நிற்கிற இன்ஜினில் யாரும் தொடாத ஸ்டட் ஒடியுமா? இதைக் கேட்கத்தான் உனக்கு அனுப்பினேன். சண்டையை மறந்து அனுப்பினேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மறக்கவில்லை.

இரண்டு ஸ்பேர் ஸ்டட் வைத்திருந்தேன். ஒன்றைப் போட்டுவிட்டேன். படகு ஓடுகிறது.

உன் அக்காவிடம் சொல்லவில்லை. நீயும் எழுதாதே. டிக்கெட் கொடுக்க அவள் உட்காருகிற பெட்டி, இன்ஜின் ரூம் மூடிக்கு நேர் மேலே இருக்கிறது. தெரிந்தால் அவளுக்குத் தூக்கம் வராது, எனக்குச் சோறு வராது. கரை ஆபீஸ் போனிலும் கூப்பிடாதே. அது முதலாளி மேஜைமேல் இருக்கிறது.

அத்தான்


ஜூன் 12

அத்தானுக்கு,

நீங்கள் முறுக்கியதில் தப்பில்லை. நான் பார்க்காமல் எழுதியது தப்பு. இதை ஒரு தடவைதான் எழுதுவேன், திரும்பக் கேட்காதீர்கள்.

"நிற்கும்போது ஒடிந்தது" என்ற வரியைப் படித்ததும் உங்கள் பார்சலைத் திரும்பப் பிரித்தேன். அன்றைக்கே மேலதிகாரி சாப்பிடப் போன நேரத்தில் துண்டுகளை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன்.

அதிகமாக முறுக்கி அறுந்திருந்தால் அறுந்த இடத்தில் இடுப்பு சிறுத்திருக்கும். உங்களுடையது சிறுக்கவே இல்லை, சாக்பீஸ் மாதிரி நேராக ஒடிந்திருக்கிறது. இன்ஜின் அதிர்ந்து அதிர்ந்து களைத்து ஒடிந்திருந்தால், அலை வந்து போன மணலில் கோடு விழுகிற மாதிரி வரிவரியாகத் தெரியும். அதுவும் இல்லை. ஓரத்தில், மரையின் அடிப்பள்ளத்தில், ஊசிமுனை அளவுக்கு அரித்த ஒரு குழி. அங்கிருந்து உள்ளே போகப் போக உப்புக்கல்லை உடைத்த மாதிரி மணிமணியாக மின்னுகிறது.

இரும்பு என்பது பொடி மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கிற சமாச்சாரம். உங்கள் ஸ்டட்டில் மணி உடையவில்லை. மணிகளுக்கு நடுவில் இருக்கிற ஒட்டு விட்டுப்போயிருக்கிறது. இதற்கு மூன்று பேர் கூட்டுச் சேர வேண்டும். ஒன்று, ரொம்பக் கடினமான இரும்பு. இரண்டு, விடாத இழுப்பு. மூன்று, அரிப்பு. அரிக்கும்போது ஹைட்ரஜன் உண்டாகும், தெரியும் அல்லவா? காற்றை விட லேசான வாயு. அது அணுவணுவாக இரும்புக்குள்ளேயே புகுந்து, இழுப்பு அதிகமாக இருக்கிற இடத்தில் போய் உட்கார்ந்து, அந்த ஒட்டைத் தளர்த்தும். விரிசல் மெதுவாக நகரும். வெளியே ஒன்றும் தெரியாது. சத்தம் கிடையாது, ஒழுகல் கிடையாது. மீதி இருக்கிற இரும்பால் தாங்க முடியாத நேரம் வந்ததும் 'டங்'. அப்போது இன்ஜின் ஓட வேண்டும் என்று அவசியமில்லை. நீங்கள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதும் வரலாம், கடலின் நடுவிலும் வரலாம்.

இதில் எனக்குப் பயம் என்ன தெரியுமா? போன வருஷம் புதிதாக மாட்டினீர்களே, அந்த ஆறும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. ஒன்றுக்கு வந்தது மற்றதற்கும் வந்திருக்கும்.

இவற்றுக்குப் பதில் வேண்டும். பழைய ஸ்டட்டை ஏன் மாற்றினீர்கள்? ஹெட்டில் தண்ணீர்க் கசிவு உண்டா? எதை வைத்துத் துடைக்கிறீர்கள்? மூன்றுக்கும் பதில். அதுவரை படகை நிறுத்துங்கள்.

உங்கள் மச்சினன்


ஜூன் 17

மாப்பிள்ளைக்கு,

தப்பு என்று நீ எழுதிய வரியை இரண்டு தரம் படித்தேன். பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன், உனக்குக் கல்யாணம் ஆகும்போது உன் பெண்டாட்டியிடம் கொடுப்பேன்.

பழைய ஸ்டட்டுகள் நாளாக ஆகக் கொஞ்சம் நீண்டு தளர்ந்துபோயின. அதனால் போன வருஷம் மாற்றினேன். கடைக்காரர், "இது பழசை விட ரெண்டு மடங்கு தாங்கும், இதைவிடக் கடினமானது எங்கயும் கிடைக்காது" என்றார். நல்லதாகத்தானே வாங்க வேண்டும் என்று வாங்கினேன். தண்ணீர்க் கசிவு இல்லை. ஒரு சொட்டுகூட இல்லை.

படகை நிறுத்து என்று ஒரு வரியில் எழுதிவிட்டாய். யாரையெல்லாம் நிறுத்துவது என்று நீயே வந்து சொல்லு. காலையில் ஏறுகிற டீச்சரையா? டயாலிசிஸுக்குக் கரைக்குப் போகிற பெரியவரையா? ஐஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற பெண்களையா? இது காற்று மாதம். மீன்பிடிப் படகுகள்கூட ஒன்றிரண்டுதான் கரைப் பக்கம் போகின்றன. உன் கடிதம் வருகிற தபால் பையே என் இன்ஜினுக்குப் பக்கத்தில்தான் வருகிறது. படகை நிறுத்தினால் "நிறுத்துங்கள்" என்று எழுதுகிற கடிதமும் வராது.

இன்னொன்று ஒடிந்துவிட்டது. எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அதே ஹெட், முதலில் ஒடிந்ததற்குப் பக்கத்து ஸ்டட். இந்தத் தடவை காலையில் இன்ஜினைக் கிளப்பும்முன்னே தலை கழன்று கிடந்தது. கடைசி ஸ்பேரைப் போட்டுவிட்டேன். இப்போதெல்லாம் கிளம்புமுன் சின்னச் சுத்தியால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்கிறேன். அந்த ஹெட்டில் ஐந்து கணீர் என்கிறது. ஒன்று மட்டும் மூக்கடைத்தவன் பேசுகிற மாதிரி இருக்கிறது. "என்னங்க தினமும் உள்ள மணி அடிக்கிறீங்க?" என்று உன் அக்கா மேலேயிருந்து கேட்கிறாள்.

ஆனால் அரிப்பு என்று நீ சொல்வதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. வந்து பார்த்துவிட்டுச் சொல்லு. அந்த ஸ்டட்டுகளில் துரு ஒரு பொட்டுகூட இல்லை. முகம் பார்க்கலாம். மீன்பிடிப் படகுக்காரர்கள் என் இன்ஜினைப் பார்க்கவென்றே வருவார்கள். "அண்ணே, எப்படிண்ணே இப்படி வெச்சிருக்கீங்க, எங்களுக்கும் சொல்லிக் கொடுங்க" என்பார்கள்.

அத்தான்


ஜூன் 20

அத்தான்,

மூன்று கேள்வி கேட்டேன். இரண்டுக்குப் பதில் சொல்லியிருக்கிறீர்கள்.

கடல் நடுவில் ஓடுகிற படகு. உப்புக் காற்று. சூடாகிச் சூடாகி ஆறுகிற இன்ஜின். அதில் துரு ஒரு பொட்டுகூட இல்லை என்றால் அது பெருமை இல்லை, எனக்குக் குலை நடுங்குகிற செய்தி. துரு தானாகப் போகாது. எதையோ போட்டுப் போக்குகிறீர்கள்.

எதைப் போட்டு?

ஒரே ஒரு சொல் எழுதி அனுப்புங்கள். கேலி வேண்டாம், கதை வேண்டாம். அக்கா அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறாள்.


ஜூன் 24

மாப்பிள்ளை,

ஆசிட்.

ஒரு சொல் கேட்டாய், எழுதிவிட்டேன். இனி கதையையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கழிப்பறை கழுவ வாங்குவோமே, அந்த ஆசிட்தான். வாரம் ஒரு முறை, படகு ஓடாத நாளில், பிரஷ்ஷால் ஸ்டட், நட்டு எல்லாவற்றிலும் தடவுவேன். நுரைத்துக்கொண்டு துரு கரையும். பிறகு வெந்நீர் ஊற்றி அலசி, துணியால் துடைப்பேன். ஸ்பேர் ஸ்டட்டுகளையும் மாட்டுமுன் ஒரு ராத்திரி ஊறவைத்துத்தான் மாட்டினேன். உன் கடிதத்தில் மூன்றாவது கேள்வியைப் பார்த்ததுமே எனக்குப் பொறி தட்டியது. பதில் எழுதப் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. மீதி இரண்டுக்கும் பெரிதாக எழுதி இதை மறைத்துவிடலாம் என்று பார்த்தேன். உன்னிடம் நடக்கவில்லை.

உன் அக்காவைக் கட்டுவதற்கு முன்னால் நான் ஒரு சரக்குக் கப்பலில் ஆயில்மேனாக இருந்தேன். அதை விட்டுவிட்டேன் என்று உங்கள் வீட்டில் சொல்லியிருந்தோம். விடவில்லை, அனுப்பினார்கள். இன்ஜின் ரூமில் தீப்பிடித்தது. எண்ணெய்ப் பிசுக்கு, அழுக்குத் துணி. என் கூட்டாளிக்கு இரண்டு கையும் வெந்துபோனது. விசாரணைக்கு வந்தவர் தரையை விரலால் தொட்டு, அந்தக் கறுப்பை என் முகத்துக்கு நேரே காட்டினார். "இதுதான் உன் வேலையா?" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்த விரல் இன்னும் என் கண் முன்னால் நிற்கிறது. நீ செருப்போடு வந்து டீ கிளாஸை வைத்தபோது ஒரு வட்டக் கறை விழுந்தது. அதைப் பார்த்துத்தான் கத்தினேன். உன்னைப் பார்த்து இல்லை.

தீப்பிடிக்கக் கூடாது என்றுதான் கழுவினேன். கழுவிக் கழுவி நானே ஒடித்திருக்கிறேனா? சும்மா ஆறுதலுக்கு எழுதாதே. உனக்கு அது வராது, தெரியும்.

ஒன்று மட்டும் சொல்லு. இன்றோடு ஆசிட்டை நிறுத்திவிட்டால் மீதி ஸ்டட்டுகள் பிழைத்துவிடுமா?

அத்தான்


ஜூன் 28

அன்புள்ள அத்தானுக்கு,

பிழைக்காது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வேறு மாதிரி எழுத முடியுமா என்று யோசித்தேன். முடியவில்லை. ஆசிட் துருவைத் தின்னும்போது எழும்புகிற நுரையே ஹைட்ரஜன்தான். எல்லாம் குமிழியாக வெளியே போய்விடுவதில்லை, கொஞ்சம் உள்ளே போகிறது. சாதாரண இரும்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளும். கடைக்காரர் பெருமையாகக் கொடுத்தாரே, ரெண்டு மடங்கு தாங்குகிற கடினம், அதுதான் பொறுக்காது. நீங்கள் வெந்நீர் ஊற்றியதும் மரையின் அடிவரைக்கும் போயிருக்காது. அங்கே தங்கின ஆசிட், படகு ஓடுகிற நாளெல்லாம் அரித்துக்கொண்டேயிருந்திருக்கும். கழுவின அன்றே சூட்டடுப்பில் சில மணி நேரம் வைத்திருந்தால் உள்ளே போனது வெளியே வந்திருக்கலாம். விரிசல் விழுந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. மூக்கடைத்தது போலச் சத்தம் வருகிற ஸ்டட்டில் விரிசல் பாதி தூரத்துக்கு மேல் போயிருக்கும். பக்கத்துப் பக்கத்து ஸ்டட் இரண்டு சேர்ந்து போனால் ஹெட் தூக்கிக்கொள்ளும். இன்ஜின் நிற்கும். தீவுக்கும் கரைக்கும் நடுவில் அந்த நீரோட்டத்தில் இன்ஜின் நின்றால் படகு எந்தப் பக்கம் போகும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாறை இருக்கிற பக்கம்.

புது ஸ்டட்டுகள் லேத்தில் கடையச் சொல்லிவிட்டேன். கடினம் குறைவான, இழுத்தால் கொஞ்சம் நீண்டு கொடுக்கிற இரும்பு. நானே சோதித்து எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவருவேன். அவற்றை எடுத்துக்கொண்டு வருவதற்காக அந்தப் படகை நீங்கள் ஒரு தடவைகூட ஓட்டக் கூடாது. தெப்பம் கட்டியாவது வந்து சேர்கிறேன்.

நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டும், அதுதானே உங்கள் பயம்? மறுபடியும் ஒரு விசாரணை, ஒரு விரல். அதற்கு ஒரு வழி யோசித்தேன். எங்கள் கூடத்தின் முத்திரையோடு ஒரு அறிக்கை தருகிறேன். "கடல் காற்றால் ஏற்பட்ட அரிப்பு, தவறான இரும்பு" என்று எழுதுகிறேன். பொய் இல்லை, பாதி நிஜம். ஆசிட் என்ற சொல் எங்கேயும் வராது. முதலாளி கடைக்காரரைத் திட்டுவார், உங்களைத் திட்ட மாட்டார். இப்படி ஒரு அறிக்கையை நான் வாழ்க்கையில் எழுதியதில்லை. எழுதுவேன். நிறுத்துங்கள்.

அந்தக் கப்பல் விஷயத்தை அக்காவிடம் நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் மச்சினன்


ஜூலை 9

அத்தான்,

பதில் வரவில்லை. தபால்காரர் நான் கேட்கும்முன்னே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

உங்கள் தபால் பை உங்கள் இன்ஜினுக்குப் பக்கத்தில் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்போது சிரித்தேன். இப்போது அந்த வரிதான் என்னைக் கொல்கிறது. படகை நீங்கள் நிறுத்தியிருந்தால் கடிதம் வராது. படகுக்கு வேறு ஏதாவது ஆகியிருந்தாலும் கடிதம் வராது. நான் கேட்டபடி நடந்ததா, நான் பயந்தபடி நடந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மீன்பிடிப் படகு ஏதாவது ஒன்று கரைக்கு வரும், அதில் ஒரு வரி எழுதிக் கொடுத்திருப்பீர்களே. அது ஏன் வரவில்லை?

வேண்டாம் என்றீர்கள், பொறுக்க முடியாமல் கரை ஆபீஸுக்குப் போன் போட்டேன். முதலாளி இல்லை. யாரோ எடுத்தார்.

"படகு வரலைங்க."

"ஏன் வரலை?"

"வரலைன்னா வரலை. இங்கிருந்து பார்த்தா தண்ணிதான் தெரியுது."

"மீன்பிடிப் படகு?"

"அதுவும் ஒண்ணும் வரலை. அந்தப் பக்கத்துலயிருந்து ஒரு ஈ, காக்கா வரலை." வைத்துவிட்டார்.

ஒரு படகு நின்றால் அது நீங்கள். எல்லாப் படகும் நின்றால் அது என்ன? எல்லோரும் ஒரு படகைத் தேடிக் கடலில் இறங்கியிருக்கிறார்களா? இதற்கு மேல் யோசிக்கப் பிடிக்கவில்லை. ஸ்டட்டுகள் தயார். இன்று ரயில் ஏறுகிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்தாலும் வரட்டும். கரையில் காத்திருப்பேன்.

அக்கா எப்படி இருக்கிறாள்? போன எட்டுக் கடிதத்தில் ஒரு தடவைகூட இதைக் கேட்கவில்லை நான்.


ஜூலை 13

மாப்பிள்ளை,

உன் அக்கா நன்றாக இருக்கிறாள். இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறாள். எட்டுக் கடிதம் என்று கணக்கு வேறு எழுதியிருக்கிறாய். நீ எழுதியது ஐந்து. பயத்தில் என்னுடையதையும் சேர்த்து எண்ணிவிட்டாய்.

காற்று இன்றைக்குத்தான் அடங்கியது. கரையிலிருந்து ஒருவர் துடுப்புப் படகில் தபால் பையைக் கொண்டுவந்தார். உன் கடைசிக் கடிதம் அதில்தான் வந்தது. விடியுமுன் கிளம்பிவிட்டதால் உன்னைப் பார்க்கவில்லை என்றார். அவர் திரும்பிப் போகும்போது இதைக் கொடுத்து அனுப்புகிறேன். "கண்ணாடி போட்ட ஒரு பையன், கையில் கனமான பொட்டலத்தோடு குட்டி போட்ட பூனை மாதிரி அலைவான், அவனிடம் கொடுங்கள்" என்று சொல்லியிருக்கிறேன்.

ஸ்டட்டுகள் பிழைக்காது என்று நீ எழுதிய கடிதம் வந்த பயணம்தான் கடைசிப் பயணம். அந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டுதான் அன்றைக்கு வந்திருக்கிறேன், அது தெரியாமல். வீட்டில் வந்து பிரித்துப் படித்தேன்.

நீ அறிக்கையை மாற்றி எழுதுகிறேன் என்றது எனக்குப் பெரிய விஷயம். உனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆனால் அது ஆகாது, மாப்பிள்ளை. மீன்பிடிப் படகுக்காரர்கள் கேட்டார்கள் என்று எழுதியிருந்தேனே. சொல்லிக் கொடுத்துவிட்டேன். ஒருவர் விடாமல். எவ்வளவு ஆசிட், எவ்வளவு நேரம், எந்தப் பிரஷ் என்று செய்து காட்டினேன். அதே கடையில் அதே ஸ்டட்டை வாங்கவும் சொன்னேன். நீ கடல் காற்று என்று எழுதியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவர்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

உன் கடிதத்தைப் படித்த மறுநாள் காலை எல்லோரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நான் மேலே வந்தேன்.

"எல்லாரும் இறங்குங்க. படகு போகாது."

"ஏன், டீசல் இல்லையா?" என்று டீச்சர் கேட்டார்.

"டீசல் இருக்கு டீச்சர். எனக்குத்தான் புத்தி இல்லாமப் போச்சு."

பிறகு துறையில் நின்ற படகுக்காரர்களையும் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நான் ஆசிட் போட்டுக் கழுவினேன், ஸ்டட் ஒடிகிறது, நீங்களும் கழுவினீர்கள், உங்களுடையதும் ஒடியும். ஹைட்ரஜனைச் சொல்ல வரவில்லை. "உள்ளுக்குள்ளே ஒட்டு விட்டுப்போகும்" என்று நீ எழுதிய மாதிரியே சொன்னேன். அவர்களில் மீசை என்று ஒருவன் உண்டு, வாய்த்துடுக்கு. "இவ்வளவு நாள் பளபளன்னு இருக்குன்னு பெருமை பேசிட்டு, இப்ப வந்து ஒடியும்கிறீங்களே அண்ணே, எங்களை என்ன கிறுக்கனுங்கன்னு நினைச்சீங்களா?" என்றான். நான் சுத்தியலை அவன் கையில் கொடுத்தேன். போய்த் தன் இன்ஜினைத் தட்டினான். நாங்கள் எல்லோரும் கரையில் நின்று கேட்டோம். கணீர், கணீர், கணீர். அப்புறம் ஒன்று, மூக்கடைத்த சத்தம். அவன் அங்கேயே நங்கூரத்தைப் போட்டுவிட்டு இறங்கி வந்தான். அதற்குப் பிறகு ஒரு படகும் கிளம்பவில்லை. ஈ, காக்கா வரவில்லை என்றாரே ஆபீஸ்காரர், அதுதான் காரணம்.

டயாலிசிஸ் பெரியவரை மட்டும் பாய்மரத்தில் இந்தத் தீவின் கரையோரமாகவே வடக்கு முனைக்குக் கொண்டுபோய், சாதாரணமாக இடம் கிடைக்காத அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் கெஞ்சிச் சேர்த்துவிட்டு வந்தார்கள். அவரைப் பத்திரமாகச் சேர்த்த செய்தி வரும்வரை நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. இது உன் அக்கா எழுதச் சொன்னது.

ஹெட்டைக் கழற்றினேன். அந்த மூக்கடைத்த ஸ்டட்டின் நட்டில் ஸ்பேனரை வைத்தேன், இழுக்கக்கூட இல்லை, கையோடு வந்துவிட்டது. பக்கத்து ஸ்டட் அதற்கு மறுநாள், தனியாக மேஜைமேல் கிடக்கும்போது பார்த்தேன். மரையில் முடி மாதிரி ஒரு கோடு. இன்னும் ஒரு பயணம், மாப்பிள்ளை. அதற்கு மேல் போயிருக்காது. நீயே வந்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொள். எனக்குப் போதும்.

கப்பல் கதையை உன் அக்காவிடம் நானே சொல்லிவிட்டேன். காய் நறுக்கிக்கொண்டே முழுவதையும் கேட்டாள். பிறகு, "தீப்பிடிச்சதை மறைச்சீங்க, ஸ்டட் ஒடிஞ்சதை மறைச்சீங்க, அவனும் உங்களோட சேர்ந்து மறைச்சான். நான் அந்தப் பெட்டி மேல உட்கார்ந்து சில்லறை எண்ணிட்டிருந்தேன். ரெண்டு பேருக்கும் சேர்த்து வெச்சுக்கறேன், அவன் வரட்டும்" என்றாள். ஆகவே நீ தைரியத்தை வரவழைத்துக்கொண்டு வா.

முதலாளிக்கும் ஒரு கடிதம் இதே ஆளிடம் கொடுத்திருக்கிறேன். ஆசிட் என்றே எழுதிவிட்டேன். உன் அறிக்கையிலும் அப்படியே எழுது. வேலை இருக்குமா, போகுமா தெரியாது. ராத்திரி விழிப்பு வருகிறது. ஆனால் அந்த விரல் வரவில்லை.

இன்ஜின்மேல் இப்போது லேசாகச் செம்மண் நிறம் படிந்திருக்கிறது. தினமும் போய்ப் பார்க்கிறேன். கை அரிக்கிறது. வெறும் எண்ணெய்த் துணியால் துடைக்கலாமா, அதுவும் கூடாதா, வந்து சொல்.

அந்தத் துடுப்புப் படகிலேயே ஏறி வந்துவிடு. செருப்போடு இன்ஜின் ரூமுக்குள் வரலாம், ஒன்றும் சொல்ல மாட்டேன். டீ கிளாஸை மட்டும் கையிலேயே வைத்துக்கொள். வைக்க ஹெட் இல்லை, கழற்றித் தரையில் வைத்திருக்கிறேன்.

அத்தான்